மளிகைக் கடை வாசலில் ரோபோ பொம்மை

துவரம்பருப்பு, கடலை எண்ணெய், வற்றல் மிளகாய் என்று சரக்கு நிலவரமே எழுதிவந்த நாம், இம்முறை பொம்மையைப் பற்றி எழுதுகிறோம். சிரிக்க வேண்டாம். செஞ்சிக் கடைத்தெருவிலும் சுற்றுக் கிராமங்களிலும் வாசலில் பொம்மை அட்டை தொங்காத மளிகைக் கடை இன்று அரிது. பத்து ரூபாய்க்குப் பிளாஸ்டிக் ரோபோ, முப்பது ரூபாய்க்குக் காராக மாறும் ரோபோ, நூறு ரூபாய்க்கு விளக்கு எரிந்து சத்தம் போடும் ரோபோ. ஒரு நாள் கல்லாவில் இதன் பங்கு சொற்பம். ஆனால் கடையிலுள்ள மற்ற எந்தச் சரக்கும் இழுத்துவிடாத அளவு அபராதத்தை இந்த ஒரு அட்டை இழுத்துவிடக்கூடும். அதற்கு வருமுன், இந்தப் பொம்மை எங்கிருந்து வந்தது, ஏன் ஒரு வருடம் ஓடி மறு வருடம் தூங்குகிறது என்பதைச் சொல்லிவிடுகிறோம். அதில் வியாபாரிக்குத் தெரிய வேண்டிய விஷயம் நிறைய இருக்கிறது.

எந்திர மனிதன் நமக்குப் புதியவன் அல்ல. சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸில் ஆர்ச்சி என்ற எந்திர மனிதனைப் படித்தவர்கள் நம் உறுப்பினர்களில் பலர். 1980களில் தூர்தர்ஷனில் ‘ஜயண்ட் ரோபோ’ தொடர் வந்தபோது டி.வி. உள்ள வீட்டுத் திண்ணையில் தெருவே கூடியது. அது 1967இல் ஜப்பானில் எடுத்த தொடர். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்து, பிறகு தூர்தர்ஷனில் நாடகமானது. அதில் வரும் ஜீனோ என்ற எந்திர நாயை இன்றும் மறக்காதவர்கள் உண்டு. 2010இல் ‘எந்திரன்’, 2018இல் ‘2.0’. கதைக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. ஆனால் ஜீனோ பொம்மை என்று ஒன்று நம் கடைத்தெருவுக்கு வந்ததில்லை. கதை எழுதியவர் கதையோடு நின்றார், படம் எடுத்தவர் டிக்கெட்டோடு நின்றார். ஜப்பான்காரன் அப்படி நிற்கவில்லை.

அங்கே 1972இல் ‘மசிங்கர் இசட்’ என்ற கார்ட்டூன் தொடர் வந்தது. ஒரு பையன் பிரம்மாண்டமான எந்திரத்தின் தலைக்குள் உட்கார்ந்து அதை ஓட்டுவதுதான் கதை. பொப்பி என்ற பொம்மைக் கம்பெனி 1974இல் அதே எந்திரத்தை உலோக வார்ப்பில் செய்து விற்றது. கையில் வாங்கினால் கனமாக இருக்கும். அந்தக் கனமே அதற்கு மவுசு. அன்றிலிருந்து அங்கே ஒரு முறை நிலைத்தது. பொம்மைக் கம்பெனி டி.வி. தொடருக்குப் பணம் கொடுக்கும். தொடரில் புதுப்புது ரோபோ வரும். மறு வாரம் அது கடையில் இருக்கும். நாம் பார்ப்பது கதை என்று நினைக்கிறோம். பணம் போட்டவனுக்கு அது அரை மணி நேர விளம்பரம்.

இந்த முறை எப்போதும் பலித்துவிடவில்லை. 1979 ஏப்ரலில் ‘மொபைல் சூட் குண்டம்’ என்ற தொடர் ஆரம்பித்தது. இயக்கியவர் யோஷியுகி டொமினோ. பணம் போட்டது குளோவர் என்ற பொம்மைக் கம்பெனி. இதில் ரோபோ ஒரு சூப்பர் வீரன் அல்ல. ராணுவத்தில் லாரி, டாங்கி இருப்பதுபோல அதுவும் ஒரு தளவாடம். குண்டு தீரும், பழுதாகும், ஓட்டுகிற பையனுக்குப் பயம் வரும். சிறு பிள்ளைகளுக்கு இது பிடிபடவில்லை. குளோவர் பொம்மை தேங்கியது. 52 வாரம் போக வேண்டிய தொடரை 43 வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதைப் பார்த்தவர்கள் பெரிய பையன்கள், கல்லூரி மாணவர்கள். அவர்களுக்குக் குழந்தை பொம்மை வேண்டாம். தொடரில் பார்த்த அதே வடிவம், அதே அளவு வேண்டும்.

பாண்டாய் கம்பெனி இதைப் புரிந்துகொண்டது. 1980 ஜூலையில் 300 யென் விலைக்கு ஒரு சின்னப் பெட்டி போட்டது. உள்ளே பொம்மை இல்லை. பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டியிருக்கும் துண்டுகள் மட்டுமே. வாங்குகிறவன் வெட்டி எடுத்து, பசை தடவி, தானே பூட்ட வேண்டும். மறு ஒளிபரப்பும் 1981இல் சினிமாவும் வந்தபோது கடை வாசலில் வரிசை நின்றது. 1982இல் ஒரு கடையில் எஸ்கலேட்டரில் முண்டியடித்துப் பிள்ளைகள் விழுந்து காயப்பட்டார்கள். பணம் போட்ட குளோவர் 1983இல் திவாலானது. வாங்குகிறவன் யார் என்று பார்த்த பாண்டாய் இன்றும் அதே வரிசையைப் புதுப்பித்து விற்றுக்கொண்டிருக்கிறது. ஷிசுவோகா நகரில் அதற்கென்றே ஒரு தொழிற்சாலை. அந்த ஊரே மாதிரிப் பெட்டிகளுக்குப் பெயர்போனது. டமியா என்ற அவ்வூர்க் கம்பெனி முதலில் மரக்கடை வைத்திருந்தது; மர மாதிரிகள் செய்து, பிறகு பிளாஸ்டிக்குக்கு மாறியது. மரக்கடை நடத்தும் நம் நண்பர்கள் கவனிக்கவும்.

அந்த 1980–82 கிராக்கியில் நடந்த ஒரு காரியம் நமக்கு நன்றாகப் பழகியது. குண்டம் பெட்டி வேண்டுமா, அலமாரியில் தூங்கும் வேறு இரண்டு பெட்டியையும் சேர்த்து எடு என்று கடைக்காரர்கள் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தினார்கள். ஓடும் சோப்போடு ஓடாத ஷாம்பூவைத் தலையில் கட்டும் கம்பெனி ஆட்களை நாம் தினம் பார்க்கிறோம் அல்லவா, அதே வேலை. 1990இல் ஒரு வீடியோ கேமுக்குக் கிராக்கி வந்தபோது மொத்த வியாபாரி ஒருவர் இதையே சில்லறைக் கடைக்காரர்களிடம் செய்ய, அந்நாட்டு நியாய வணிக ஆணையம் அது சட்டத்துக்குப் புறம்பு என்று 1992இல் தீர்ப்பளித்தது. இங்கே யார் கேட்கிறார்கள்?

இனி இந்த ரசிகர்களைப் பற்றி. இவர்கள் குழந்தைகள் அல்லர். இருபது, முப்பது, நாற்பது வயதுக்காரர்கள். நம் ஊர்க் கல்லூரிப் பையன்கள் நாலு பேர் கூடிப் பேசுவதைக் கேட்டால் தரகுமண்டி தோற்றுவிடும். எந்தத் தொடரின் ரோபோ நியாயமானது, படமாக மாற்றியபோது கதையைக் கெடுத்தார்களா, தோள் மூட்டு திரும்புகிறதா, நிறம் தொடரில் பார்த்ததுதானா என்று மணிக்கணக்கில் வாதம். அளவில்தான் அதிகம் கறார். கதையில் குண்டம் 18 மீட்டர் உயரம். 144இல் ஒரு பங்கு என்றால் பெட்டியில் வருவது பன்னிரண்டரை சென்டிமீட்டர். 100இல் ஒரு பங்கு என்றால் 18. 60இல் ஒரு பங்கு என்றால் 30. படி, அரைப்படி, ஆழாக்கு மாதிரி அவர்களுக்கு இது மனப்பாடம். இந்தக் கணக்குத் தெரியாமல் ஒருவர் அவர்களிடம் சரக்கு விற்க முடியாது. ஆகவே மளிகைக் கடைக்காரர் யாரும் இந்தப் பெட்டிகளில் முதல் போட வேண்டாம் என்பதே நம் அபிப்பிராயம். ஆயிரம், இரண்டாயிரம் விலையுள்ள பெட்டி. வாங்குகிறவன் செஞ்சியில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். அவர்களும் தபாலில் வரவழைத்துக்கொள்கிறார்கள்.

நமக்கு உரியது சிறுவர் பொம்மைதான். அதிலும் அதே டி.வி. விதி நடக்கிறது. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனி, ஜப்பானின் டகாரா கம்பெனி செய்த காராக மாறும் ரோபோக்களை வாங்கி, 1984இல் ‘டிரான்ஸ்பார்மர்ஸ்’ என்று பெயர் வைத்து, கார்ட்டூன் தொடரோடு இறக்கியது. 2007இல் சினிமா வந்தபின் அது நம் கிராமம் வரை வந்துவிட்டது. எம்.ஆர்.எப். குழுமமும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987இல் தொடங்கிய ஃபன்ஸ்கூல் இந்தியாவிலேயே ஜி.ஐ. ஜோ வீரர்களைச் செய்தது. அந்த இந்தியப் பதிப்பை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடுகிறார்கள். ராணிப்பேட்டையிலும் அதற்குத் தொழிற்சாலை இருக்கிறது. பிறகு பேபிளேடு பம்பரம் வந்தது. பையன்கள் நம் மரப் பம்பரத்தை விட்டுவிட்டு அதைத் தேடினார்கள். தொடர் நின்றதும் கேட்பாரில்லை. வத்தலும் புளியும் தேங்கினால் விலை இறக்கித் தள்ளிவிடலாம். தொடர் முடிந்த பொம்மையை இலவசமாகக் கொடுத்தால்கூடப் பையன் வாங்க மாட்டான். எனவே ஒரு பொம்மை நன்றாக ஓடுகிறது என்று தெரிந்தவுடன் பத்து டஜன் எடுப்பது முறையல்ல. வாரம் ஒரு டஜன், தீர்ந்தால் மறு டஜன். கமிஷன் அரை ரூபாய் குறைந்தாலும் பரவாயில்லை.

இப்போது சட்டத்துக்கு வருகிறோம். மத்திய அரசு 2020 பிப்ரவரியில் பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை போட்டது. 2021 ஜனவரி 1 முதல் அது அமலில் இருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடும் எந்தப் பொம்மையானாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும். சாதாரணப் பொம்மைக்கு ஐ.எஸ். 9873, பேட்டரி அல்லது மின்சாரத்தில் ஓடுவதற்கு ஐ.எஸ். 15644. தயாரிப்பவருக்கும் இறக்குமதி செய்பவருக்கும் மட்டும் அல்ல, விற்பவருக்கும் இது பொருந்தும். இந்தியத் தர நிர்ணய அமைவனச் சட்டம், 2016இன்படி முதல் முறைக்குக் குறைந்தது 2 லட்சம் ரூபாய், மறுமுறைக்குக் குறைந்தது 5 லட்சம் அபராதம், அல்லது இரண்டாண்டு வரை சிறை என்று விதித்திருக்கிறார்கள். பத்து ரூபாய்ப் பொம்மைக்கா என்று கேட்கலாம். சரக்கின் விலையைப் பார்த்து அந்தக் குறைந்தபட்சம் குறையாது. பெரிய கடைகளை விட்டுவிடுவார்கள் என்றும் எண்ண வேண்டாம். 2023 ஜனவரியில் வணிக வளாகங்கள், விமான நிலையக் கடைகள் உட்பட நாடெங்கும் 18,600 பொம்மைகளைக் கைப்பற்றியதாக அரசே அறிவித்தது.

இதில் வியாபாரிக்கு உள்ள வருத்தம் நியாயமானதே. சரக்கைச் செய்தவன் எங்கோ இருக்கிறான், இறக்கியவன் துறைமுகத்தில் இருக்கிறான், மாட்டுகிறவன் கடைசியில் நிற்கும் நாம். ஆனால் விதியைக் குறைசொல்லவும் மனம் வரவில்லை. ரோபோ பொம்மைக்குள் இருக்கும் பித்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக் குழாயைப் புண்ணாக்கிவிடும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கழன்று வரும் கையும் தலையும் மூச்சை அடைக்கும். மலிவான பெயிண்டில் ஈயம் இருக்கும். முத்திரைக்கான சோதனையில் இவற்றையெல்லாம்தான் பார்க்கிறார்கள். நம் கடையில் வாங்கும் குழந்தை நம் தெருக் குழந்தைதான்.

எப்படிப் பார்ப்பது? அட்டையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். அதன் மேல் ஐ.எஸ். எண், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண். ‘பி.ஐ.எஸ். கேர்’ என்ற செயலியைச் செல்போனில் இறக்கி, அந்த எண்ணைத் தட்டினால் உரிமம் யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்று காட்டும். கண்ணுக்கு முத்திரை தெரிகிறதே என்று திருப்தி அடைய வேண்டாம், முத்திரையையும் அச்சடிக்கிறார்கள். சி.இ. என்ற ஐரோப்பிய எழுத்துகள் இருந்தால் போதும் என்று சில மொத்த வியாபாரிகள் சொல்வது சரியல்ல. 15 வயதுக்கு மேல் என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் தப்பிக்கலாம் என்பதும் வீண் யோசனை. பத்து ரூபாய் ரோபோவை யார் வாங்குகிறார்கள் என்பது அதிகாரிக்கும் தெரியும். வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, எந்த நாட்டில் செய்தது என்பவை அச்சில் இருக்க வேண்டும். இது எடையளவுச் சட்டத்தின் பாற்பட்டது. பிரபல ரோபோவின் பெயரையும் படத்தையும் போட்ட போலிச் சரக்கு தனி வில்லங்கம்: 1999ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்தில் அதை விற்பவருக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு.

விலை ஏன் ஏறிற்று என்று கேட்பவர்களுக்கு: இறக்குமதிப் பொம்மை மீதான சுங்க வரியை 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கி, 2023இல் 70 ஆக்கினார்கள். ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் சாதாரணப் பொம்மைக்கு 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. மின்னணுப் பொம்மைக்கு 18 சதவீதமே. ஒரே அட்டையில் இரண்டு வகையும் கலந்து வந்தால் பில்லைத் தனியாகப் பிரித்து வாங்குங்கள்.

கைவினைக் கலைஞராகப் பதிவு செய்தவர்கள் செய்யும் பொம்மைக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைக்கும் இந்த ஆணையிலிருந்து விலக்கு உண்டு. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை அப்படிப்பட்டது. நம் பக்கத்தில் வில்லியனூர்ச் சுடுமண் பொம்மை. 2025 ஜூலையில் நம் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியிருக்கிறது. பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றுதான். ராஜகிரி ஏற வரும் வெளியூர்க்காரர் அங்கே ரோபோவைத் தேடி வருவதில்லை. கோட்டை வாசல் கடைக்காரர்கள் ஒரு வரிசையாவது மண் பொம்மை வைத்துப் பார்க்கலாம்.

மேல்மலையனூர் மாசித் திருவிழாவுக்குச் சரக்கு எடுக்கச் சென்னை காசி செட்டித் தெருவுக்கும் ஈவினிங் பஜாருக்கும் போகிறவர்கள், துண்டுச் சீட்டில் வாங்காமல், பொம்மையின் பெயரும் உரிம எண்ணும் எழுதிய ஜி.எஸ்.டி. பில்லாகக் கேட்டு வாங்கவும். எழுதித் தர மறுக்கும் கடையில் எடுக்க வேண்டாம். ஏற்கனவே கடையில் முத்திரையில்லாமல் தொங்கும் அட்டைகளை இறக்கி, மூட்டை கட்டி, கொடுத்த மொத்த வியாபாரியிடமே பில்லைக் காட்டித் திருப்பிக் கேளுங்கள். அவர் பாதிப் பணம்தான் தருவேன் என்றாலும் வாங்கிக்கொள்வது நல்லது.