உங்க நாய்க்கு ஒரு நாளைக்கு எத்தனை பிஸ்கட்? ஒரு சின்னக் கணக்கு

சாம்பியன் ரீப்ஸில் வளர்ந்தவரா நீங்கள்? அப்படியென்றால் இது பழகிய கதைதான். மாரிக்குப்பத்தில் கிளம்பும் காலை ரயிலைப் பிடித்து பெங்களூரு போனால், வீடு திரும்ப இரவாகிவிடும். 2001 பிப்ரவரி 28-ல் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, பல குடும்பங்களின் நாள் இப்படித்தான் ஓடுகிறது. வீட்டில் நாய் இருந்தால் பகல் முழுக்க அது தாத்தா, பாட்டி பொறுப்பு. பாட்டி சாதம் வைப்பார். தாத்தா டீ குடிக்கும்போது பிஸ்கட்டில் பாதி அதற்கு. இரவில் நீங்கள் வந்ததும், "பாவம், நாள் பூரா காத்துக்கிட்டு இருந்துச்சே" என்று இன்னும் இரண்டு.

யாரும் அதிகமாகக் கொடுக்கவில்லை. மூன்று பேர் கொடுத்ததையும் யாரும் கூட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கூட்டிப் பார்ப்போமா?

10 கிலோ இருக்க வேண்டிய நாய் என்று வைத்துக்கொள்வோம். கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்தும் சூத்திரத்தை செல்போன் கால்குலேட்டரிலேயே போடலாம். 10×10×10 = 1000. இதற்கு இரண்டு முறை வர்க்கமூலம் எடுத்தால் 5.62. அதை 70-ஆல் பெருக்கினால் சுமார் 394 கலோரி. சும்மா படுத்திருந்தாலே உடலுக்கு இவ்வளவு வேண்டும். கருத்தடை செய்த, வளர்ந்த நாய்க்கு இதை 1.6-ஆல் பெருக்குவார்கள்: சுமார் 630.

இதில் நொறுக்குத் தீனி 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதாவது 63 கலோரி. ஒரு மேரி பிஸ்கட்டில் ஏறக்குறைய 25 கலோரி. ஆக, வீட்டில் எல்லாரும் சேர்ந்து கொடுக்கக்கூடியது நாளைக்கு இரண்டரை பிஸ்கட்! 300 கிராம் வெறும் சாதத்திலேயே சுமார் 390 கலோரி வந்துவிடும்.

குண்டா, இல்லையா?

விலா எலும்பைத் தடவிப் பாருங்கள். விரித்த புறங்கையைத் தடவுவது போல இருந்தால் சரியான எடை. முஷ்டியின் முட்டிகள் போலத் துருத்தினால் மெலிவு. உள்ளங்கை போல மெத்தென்று இருந்தால் கொழுப்பு கூடிவிட்டது. மேலிருந்து பார்க்கும்போது இடுப்பும் தெரிய வேண்டும்.

அப்படி என்ன பெரிய வித்தியாசம்?

அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மட்டும் 25% குறைவாக உணவு கொடுத்து வாழ்நாள் முழுக்கக் கவனித்தார்கள். 2002-ல் முடிவு வெளியானது. குறைவாகச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 11.2. கிட்டத்தட்ட இரண்டு வருஷம்! மூட்டுவலிக்கான சிகிச்சையும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் தேவைப்பட்டது.

உங்களுடையது லாப்ரடாரா? கூடுதல் கவனம் தேவை. இந்த இனத்தில் சுமார் நான்கில் ஒன்றுக்குப் பசியைத் தூண்டும் ஒரு மரபணு மாற்றம் இருப்பதாக கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-ல் கண்டறிந்தார்கள். அது கெஞ்சுகிறது என்பதற்காக வயிறு காலி என்று அர்த்தமில்லை.

இனி என்ன செய்யலாம்?

முதலில் எடை பாருங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் போதும். வாரத்துக்கு 1 முதல் 2% குறைந்தாலே நல்லது. திடீரென்று பட்டினி போட வேண்டாம். தைராய்டு குறைபாட்டாலும் எடை ஏறலாம் என்பதால் முதலில் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பிஸ்கட்டுக்குப் பதில் வெள்ளரி, கேரட், உப்பில்லாமல் வேகவைத்த பீன்ஸ் கொடுக்கலாம். வெங்காயம், பூண்டு, திராட்சை கூடவே கூடாது. சாம்பார் சாதத்தில் வெங்காயம் இருக்கும் என்பதை மறக்காதீர்கள். ரயிலை விட்டு இறங்கி வந்ததும் ஒரு 20 நிமிஷம் நடக்கக் கூட்டிப் போங்கள். சயனைடு மேட்டுப் பக்கம் மட்டும் வேண்டாம், அந்தத் தூசி உங்கள் இருவருக்குமே ஆகாது.

கடைசியாக, ஒரு டப்பா. நாள் முழுக்கக் கொடுக்க வேண்டிய தீனியைக் காலையிலேயே அதில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். "கொடுக்காதீங்க பாட்டி" என்றால் நடக்காது. "இந்த டப்பாவிலிருந்து கொடுங்க பாட்டி" என்றால் நடக்கும். இரவு வந்ததும் நீங்கள் கொடுக்க, அதிலேயே ஒரு துண்டு மிச்சம் வைக்கச் சொல்லுங்கள்.