பெட்ரோல் குழாய்க்கு எந்த வால்வு?

காலிங்கராயன் வாய்க்கால் மதகுகளைக் கொடுமுடிப் பக்கத்தில் நீங்கள் கண்டிருப்பீர்கள். பலகையை இறக்கினால் நீர் நிற்கும். அடியில் கல் சிக்கினால் சற்றுக் கசியும். அதனால் பெரிய கேடில்லை. பெட்ரோல் கசிந்தாலோ, அதன் ஆவி காற்றைவிடக் கனமானதாகையால் தரையோடு தவழ்ந்து பரவும். எங்கேனும் ஒரு பொறி பட்டால் போதும். கொச்சியிலிருந்து கோவை வழியாகக் கரூருக்குப் பெட்ரோலியக் குழாய் செல்லும் நம் வட்டாரத்தினர் இதை அறிந்திருப்பது நல்லது.

2009 அக்டோபர் 29 மாலை, ஜெய்ப்பூரில் இந்தியன் ஆயில் கிடங்கில் நடந்ததைப் பாருங்கள். தொட்டிக் குழாயில் 'ஹாமர் பிளைண்டு' என்னும் அடைப்பு இருந்தது. அதன் தகட்டை மாற்றும்போது மேல்வாய் வெளியே திறந்துகொள்ளும். அவ்வேளையில் தொட்டிப் பக்கத்து மோட்டார் வால்வு மூடியிருக்க வேண்டும். ஆனால் அது திறந்திருந்தது. பெட்ரோல் பீறிட்டது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து வால்வை மூடும் வசதியும் இயங்கவில்லை. ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் கொட்டியபின் ஆவி வெடித்தது. 11 பேர் மாண்டனர். வாய் திறவாத மூடிய அமைப்பே வேண்டும் என்று விசாரணைக் குழு பரிந்துரைத்தது.

அத்தகைய வால்வுகளில் 'கேட் வால்வு' மதகின் தம்பிதான். ஆப்பு வடிவத் தகடு இறங்கி, இரு உலோக இருக்கைகளுக்கிடையே அமர்கிறது. துகள் சிக்கினால் இதுவும் கசியும். பாதி திறந்து ஓட்டினால் தகட்டின் விளிம்பு அரித்துவிடும்.

'பால் வால்வு' துளையிட்ட எஃகுக் குண்டு. கால் சுற்றில் மூடிவிடலாம். இருபுறமும் டெஃப்லான் வளையங்கள் இருப்பதால் சொட்டும் கசியாது. ஆனால் டெஃப்லான் 327 டிகிரி செல்சியசில் உருகிவிடும். பெட்ரோல் தீயின் வெப்பம் அதைவிட மிக அதிகம். எனவே வளையம் உருகினாலும் குண்டு உலோக விளிம்பில் போய் அமரும் வகையை, தீயிலிட்டுச் சோதித்த பின்பே வாங்க வேண்டும். விலை கூடுதல்தான், இங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது. இன்னொன்று: குண்டின் உட்குழியில் சிக்கிய பெட்ரோல் வெயிலில் விரிந்து அழுத்தம் ஏற்றும். அதைக் குழாய்க்குள்ளேயே விடும் இருக்கை அமைப்பும் தேவை.

உடல் வார்ப்பிரும்பாக இருக்கலாகாது. தீயில் காய்ந்த வார்ப்பிரும்பின்மேல் தண்ணீர் பட்டால் விரிசல் விழும். எஃகு வால்வு உடல்களை வார்க்கும் பட்டறைகள் கோவையிலேயே உண்டு.

குழாயைக் கழற்றிப் பழுது பார்ப்பதாயின் ஒரே அடைப்பை நம்புவதில்லை. இரண்டு அடைப்பு வைத்து, நடுவே சிறு வடிகால் வால்வு பொருத்துவார்கள். இரண்டையும் மூடி வடிகாலைத் திறந்தால், இடையில் தங்கியது வடிந்து நின்றுவிட வேண்டும். அதன் பிறகும் சொட்டினால் எங்கோ ஓர் அடைப்பு கசிகிறது. போல்ட்டைக் கழற்றக் கூடாது.