வாகனப் புகையும் சட்டசபையின் கடமையும்

நூல் பேல் ஆலையிலிருந்து சங்கத்தின் கிடங்கிற்கு வருவது லாரியில். நெய்த ஜவுளி விற்பனை நிலையத்திற்குச் செல்வதும் லாரியில். கரும்பு ஆலைக்கும், காய்கறி சந்தைக்கும், உரம் கடன் சங்கத்திற்கும் போய்ச் சேருவது பெரும்பாலும் அவ்வாறே. நம் அங்கத்தினர் ஏறிச் செல்லும் பஸ்களிலும் மிகப் பெரும்பாலானவை டீசலில் ஓடுகின்றன. ஆகவே, வாகனப் புகை பட்டணத்தாரின் தொல்லை என்று நாம் ஒதுங்கியிருக்க இடமில்லை. அதை உண்டாக்கும் போக்குவரத்திலும் நமக்குப் பங்குண்டு. அதனால் விளையும் கேட்டிலும் பங்குண்டு.

கைத்தறி ஊர்கள் பலவற்றில் தெருவின் நீளத்திற்குப் பாவை விரித்துக் கஞ்சியிட்டுக் காயவைக்கும் வழக்கம் இன்னும் உள்ளது. அவ்வழியே புகை கக்கும் பழைய வண்டியொன்று சென்றால், ஈரப் பாவின்மீது கரி படியும். அதையேனும் நெசவாளி கண்ணால் கண்டு வருந்துகிறார். அவருடைய மார்புக்குள் படிவதைக் காண வழியில்லை. புகையிலுள்ள நுண்துகள்களில் மிகத் தீங்கானவை 2.5 மைக்ரானுக்கு உட்பட்டவை. நூறாம் நம்பர் நூலின் பருமனில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. மூக்கும் தொண்டையும் அவற்றைத் தடுக்கமாட்டா. டீசல் புகை புற்றுநோயை விளைவிப்பது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2012-ஆம் ஆண்டில் அறிவித்தது. அந்த ஸ்தாபனம் 2021-இல் வகுத்த அளவு, ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராம் துகள். 2009-இல் நம் நாடு வகுத்துக்கொண்ட வரம்போ 40. எட்டு மடங்கு தாராளமான இவ்வரம்பையே கைக்கொள்ள முடியாத நகரங்கள் நாட்டில் பல.

மத்திய அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை எனக் கூறுவது நியாயமாகாது. 2000-ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. 2020 ஏப்ரல் முதல் பாரத் ஆறாம் நிலை எரிபொருள் வந்து, டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. எனினும் புதிய எரிபொருளைப் பழைய எஞ்சினில் ஊற்றுவதால் பழைய எஞ்சின் புதிதாகிவிடாது. தணிக்கைக்காக ஊர் ஊராய்ச் செல்லும் நாம் அதன் புகையை நாள்தோறும் உட்கொள்கிறோம்.

‘எரிபொருள் மத்திய அரசாங்கத்தின் பொறுப்பன்றோ, சட்டசபை உறுப்பினர் என்ன செய்ய இயலும்?’ என்று அன்பர்கள் கேட்கலாம். பெட்ரோலியப் பொருள்கள் அரசியல் சாசனத்தின் மத்தியப் பட்டியலில் உள்ளமை உண்மையே. ஆனால் பெட்ரோல், டீசல், இயற்கை வாயு ஆகியவற்றின் விற்பனை மீது வரி விதிப்பது மாநிலத்தின் அதிகாரம். வாகன வரியும் மாநிலத்தினுடையது. 2021 ஆகஸ்டில் பெட்ரோல் மீதான மாநில வரி லிட்டருக்கு ரூ. 3 குறைக்கப்பட்டதை அங்கத்தினர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வரியைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல கை, எரிபொருளைத் தேர்ந்தெடுக்கவும் வல்லது. இவற்றோடு, சுமார் 20,000 பஸ்களை ஓட்டும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் சட்டசபை வழங்கும் மானியத்தையே பெரிதும் நம்பியுள்ளன.

சட்டம் செய்வோர் வாளாவிருந்தால் என்னவாகும் என்பதற்கு டில்லி சான்று. எம். சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் 1985-இல் தொடுத்த வழக்கில், நகர பஸ்கள் யாவும் 2001 மார்ச் 31-க்குள் அழுத்திய இயற்கை வாயுவுக்கு மாறவேண்டுமென 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆணை பிறந்தும் ஏற்பாடு பிறக்கவில்லை. கெடு கடந்தது, வாயு நிலையங்கள் போதாமல் ஓட்டுநர்கள் இரவெல்லாம் வரிசையில் கிடந்தனர், பஸ்ஸின்றிப் பொதுமக்கள் தவித்தனர். 2002 ஏப்ரலில் நாளுக்கு இவ்வளவென அபராதம் விதித்த பின்னரே, அவ்வாண்டின் முடிவில் நகர டீசல் பஸ்கள் மறைந்தன. வாகனங்கள் பெருகியதாலும் வேறு காரணங்களாலும் டில்லியின் காற்று பின்னர் மீண்டும் கெட்டது. ஆயினும் டீசல் பஸ்ஸின் கரும்புகை தெருக்களை விட்டு அகன்றது பொய்யன்று. நீதிமன்றத்தின் பிரம்புக்குக் காத்திராமல், நிலையங்களை முன்பே அமைத்துக் கெடுவை முறையாக வகுத்திருந்தால் அத்தனை இடர் நேர்ந்திராது.

நம் மாநிலத்தில் 2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடியில் 120 மின்சார பஸ்கள் சேவைக்கு விடப்பட்டன. வரவேற்கத் தக்கதே. ஆனால் காஞ்சிபுரம், ஆரணி, சேலம், அருப்புக்கோட்டை போன்ற நெசவு ஊர்களின் டவுன் பஸ்கள் இதற்கு இன்னும் ஏற்றவை என்பது நம் கருத்து. நாளுக்கு இவ்வளவு தூரம் என்பது திட்டமாகத் தெரியும். இரவில் பணிமனைக்குத் திரும்பிவிடும். மின்னேற்றம் செய்வது எளிது. மின்சாரத்தில் ஒரு பகுதி நிலக்கரியிலிருந்தும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியிலிருந்தும் வருவதால், புகை இடம் மாறுகிறதேயன்றி ஒழிவதில்லை என்பார் உளர். ஓரளவு மெய்தான். ஆயினும் முப்பந்தல் காற்றாலைகளை உடைய நாடு இது. மேலும், பாவு விரித்த தெருவில் அப்புகை இராது.

கரும்பு பயிரிடுவோர் எத்தனால் பற்றிக் கேட்பார்கள். 2025-இல் நாடெங்கும் பெட்ரோலில் 20 சதவீதம் அது கலக்கப்பட்டது. ஆனால் அது பெட்ரோல் வண்டிக்கே உரியது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் உதவாது. நேரே கரும்புச் சாற்றிலிருந்து எடுப்பதற்காகப் பயிரைப் பெருக்கினால் நீருக்கு எங்கே போவது? நமக்கு மிகுந்த நம்பிக்கை தருவது பிரஸ்மட் எனும் ஆலைக்கழிவிலிருந்தும் சாணத்திலிருந்தும் எடுக்கும் அழுத்திய வாயு. இதற்கென மத்திய அரசாங்கம் 2018-இல் திட்டம் வகுத்தது. நாமக்கல் மாவட்டத்தில் 2020-இல் இவ்வாயு வாகனங்களுக்கு விற்பனைக்கு வந்தது. கூட்டுறவு சர்க்கரை ஆலைகளிலும் அக்கழிவு குவிகிறது. ஆலைதோறும் கலன் அமைத்தால் லாரிக்கு எரிபொருள், கழனிக்கு எரு, அங்கத்தினருக்குப் பங்கு என மூன்றும் கிட்டும். தனி முதலாளி அமைத்தால் மூன்றாவது கிட்டாது.

ஒன்று மட்டும் கூடாது. டீசல் வரியை உயர்த்திப் புகையைக் குறைக்கலாம் என்ற யோசனைக்கு நாம் உடன்படோம். லாரி வாடகை ஏறினால் அது சேலையின் விலையிலும் கத்தரிக்காயின் விலையிலும் வந்து நிற்கும். வாங்குவோர் கொடாவிட்டால் நெய்தவரும் விளைவித்தவருமே சுமப்பர்.

எனவே ஒவ்வொரு சங்கமும் அடுத்த மகாசபையில் தீர்மானம் நிறைவேற்ற வேண்டுகிறோம். மாவட்ட டவுன் பஸ்களை மின்சாரத்திற்கு மாற்ற ஆண்டுவாரியாகக் கெடு. கூட்டுறவு ஆலைகளில் வாயுக் கலன் அமைக்க மூலதன உதவியும், அவ்வாயுவின் மீதான மாநில வரியில் சலுகையும். பழைய வண்டிகள் மீதான பசுமை வரியைச் சிறு லாரி உரிமையாளர் வண்டி மாற்றுவதற்கே ஒதுக்குதல். இம்மூன்றையும் அதில் தெளிவாகக் குறிக்கவேண்டும். தீர்மானத்தைத் தொகுதி உறுப்பினரிடம் நேரில் கொடுத்து, சட்டசபையின் மனுக்கள் குழுவுக்கும் ஒரு பிரதி அனுப்புக. போக்குவரத்து மானியக் கோரிக்கை சபையில் வருமுன் அது அவர்கள் கையில் இருத்தல் அவசியம்.