பொதுப்பட்டியல் என்றால் பாதிப் பாதியா?



குடிமையியல் பாடத்தில் மூன்று பட்டியல் வரும். மார்க்குக்காக நாம எல்லாருமே மனப்பாடம் பண்ணியிருப்போம். ராணுவம், ரயில், ரூபாய் நோட்டு எல்லாம் மத்தியப் பட்டியல். போலீஸ், விவசாயம் மாநிலப் பட்டியல். இரண்டு அரசும் சட்டம் போடக்கூடியது பொதுப்பட்டியல்.

பொது என்றால் ஆளுக்குப் பாதியா? அதுதான் இல்லை! இரண்டு சட்டமும் மோதினால் நாடாளுமன்றச் சட்டமே செல்லும் என்கிறது அரசியலமைப்பின் 254-ஆவது பிரிவு. மாநிலச் சட்டம் அந்த மாநிலத்தில் நிற்க ஒரு வழி உண்டு. அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். அவர் மத்திய அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் முடிவு செய்வார். ஆக, பூட்டு நம்ம ஊரில், சாவி டெல்லியில்!

இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

ஒன்று, ஜல்லிக்கட்டு. மிருகவதைத் தடுப்பு பொதுப்பட்டியலில் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தைக் காட்டி 2014-இல் உச்சநீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 ஜனவரியில் மாணவர்களும் இளைஞர்களும் மெரினாவில் திரண்டார்கள். அந்தச் சட்டத்துக்கே தமிழ்நாட்டு அளவில் நம் சட்டசபை திருத்தம் கொண்டுவந்தது. ஒப்புதல் கிடைத்தது, வாடிவாசல் திறந்தது. அந்தத் திருத்தம் செல்லும் என்று 2023-இல் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இன்னொன்று, நம்ம படிப்பு. கல்வி முதலில் மாநிலப் பட்டியலில்தான் இருந்தது. எமர்ஜென்சி காலத்தில், 1976-இல் வந்த 42-ஆவது திருத்தம் அதைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. தொழிற்கல்லூரி நுழைவுத் தேர்வை ரத்து செய்து 2006-இல் நம் சட்டசபை போட்ட சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. ப்ளஸ் டூ மார்க்கை வைத்தே மருத்துவ சீட் கிடைத்தது. 2017 முதல் இங்கேயும் நீட் வந்தது. விலக்குக் கேட்டு 2021-இல் ஒரு மசோதா, 2022-இல் மறுபடியும் அதே மசோதா. ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025-இல் முதல்வர் சட்டசபையில் அறிவித்தார்.

அதே சட்டசபை, அதே விதி. ஆனால் முடிவு வேற வேற!

"நாடு முழுக்க ஒரே தரம் வேண்டாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பள்ளிக்கூடம் நடத்துவதும், வாத்தியார் போடுவதும், சத்துணவு போடுவதும் பெரும்பாலும் மாநில அரசு. கடைசிப் பரீட்சையில் மட்டும் அதன் பேச்சு எடுபடாது என்றால் அது எப்படிப் பொது ஆகும்? இதுதான் என் கேள்வி.

பட்டியல் ஒன்றும் கல்வெட்டு இல்லை. நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும், பாதி மாநிலச் சட்டசபைகளின் சம்மதமும் இருந்தால் மாற்றலாம். 18 வயதானால் நமக்கும் இரண்டு ஓட்டு, சட்டசபைக்கு ஒன்று, நாடாளுமன்றத்துக்கு ஒன்று. எது யார் கையில் இருக்கிறது என்று தெரிந்தால்தானே, ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் சரியான கேள்வியைக் கேட்க முடியும்?

யோசிப்போமா நண்பர்களே!

– பத்தாம் வகுப்பு மாணவி