மலிவு இயர்போன் நன்றாக ஒலிப்பது எப்படி?

இளையராஜாவின் பாடல்களைச் செல்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் மட்டுமே கேட்டு வளர்ந்தவர்கள் அவற்றின் அடித்தளத்தைக் கேட்டதே இல்லை என்று சொல்லலாம். பேஸ் கிதாரின் தடித்த தந்தியை அழுத்திப் பிடிக்காமல் மீட்டினால் எழும் சுரத்தின் அதிர்வெண் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். செல்பேசிக்குள் இருக்கும் ஒலிபெருக்கி சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே கிட்டத்தட்ட ஊமை. ஆனாலும் அந்தச் சுரம் எதுவென்று நமக்குப் புரிந்துவிடுகிறது. அடிச்சுரம் விடுபட்டாலும், அதன் மேலே எழும் கிளைச்சுரங்களை வைத்து மூளை அதை ஊகித்துக்கொள்கிறது. இழந்தது என்னவென்றே தெரியாமல் போவது இதனால்தான். இப்படிக் கேட்டுப் பழகிய ஒருவர் நன்றாக வடிவமைக்கப்பட்ட 20 டாலர் இயர்போன் ஒன்றை முதன்முதலாகக் காதில் பொருத்தும்போது, பேஸ் கிதார் தனியொரு மெட்டாகப் பாடலுக்கு அடியில் ஓடுவது கேட்கிறது. இதற்கே இப்படியென்றால் 20,000 ரூபாய்ப் பொருள் எப்படியிருக்கும் என்றுதான் அடுத்து யோசிக்கத் தோன்றும். அந்தக் கணக்குதான் தவறு. கேட்கும் இன்பத்தைத் தீர்மானிப்பவை ஒலியின் சமநிலையும் காதில் அது பொருந்தும் விதமுமே. இரண்டுக்கும் பெரிய செலவு தேவையில்லை.

இயற்பியல் இந்த விஷயத்தில் ஏழைக்குச் சாதகமாக இருக்கிறது. ஓர் அறையில் தாழ்ந்த ஒலியை எழுப்ப வேண்டுமானால் அங்குள்ள காற்று முழுவதையும் அசைக்க வேண்டும். பெரிய கூம்பு, கனத்த பெட்டி, வலுவான ஆம்ப்ளிஃபயர் எல்லாம் அதற்காகவே. காதுக்குழாயை ரப்பர் முனையால் அடைத்துவிட்டால் செவிப்பறைவரை உள்ள காற்று 2 கன சென்டிமீட்டர்கூட இராது. ஒரு சிறு காந்தம், மெல்லிய கம்பிச்சுருள், 10 மில்லிமீட்டர் அகலச் சவ்வு ஆகியவை அந்தக் காற்றை அழுத்தப் போதும். எனவே ஒலிபெருக்கியில் மிக அதிகம் செலவு பிடிக்கும் பாஸ் என்ற தாழ்ந்த ஒலி, இயர்போனில் மிகக் குறைந்த செலவில் கிடைக்கிறது. கடினமான வேலை வேறிடத்தில் இருக்கிறது. திறந்த காது 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளை இயல்பாகவே கூட்டித் தருகிறது. குரலின் தெளிவும் வயலினின் கூர்மையும் பெரிதும் அந்தப் பகுதியைச் சார்ந்தவை. இயர்போனைச் செருகியதும் காதின் அந்த இயல்பு மாறிவிடுகிறது. மாறியதை ஈடுகட்டி, அதே அளவு ஏற்றத்தைக் கருவிக்குள்ளேயே அமைப்பவர்தான் நல்ல வடிவமைப்பாளர். நடைபாதைக் கடைகளில் கிடைக்கும் பல இயர்போன்கள் தோற்பது இங்கேதான். பாஸை மட்டும் ஊதிப் பெருக்கி, பாடகரைத் திரைக்குப் பின்னால் தள்ளிவிடுகின்றன.

இந்தத் திருத்தத்தைச் செய்ய அளந்து பார்க்கும் வசதி வேண்டும். மனிதக் காதின் ஒலித்தடையைப் போலச் செய்யும் செயற்கைக் காதுக்குச் சர்வதேசத் தரவரையறை உண்டு. அதை ஒட்டிய அளவீட்டுக் கருவிகள் ஒருகாலத்தில் பெரிய ஆய்வுக்கூடங்களில் மட்டுமே இருந்தன. பிறகு மலிவான நகல்கள் வந்து, சிறு சீன நிறுவனங்களும் தனி ஆர்வலர்களும்கூட வாங்கும் நிலை ஏற்பட்டது. அதன் பலன் கண்கூடு. 2022இல் வந்த மூன்டிராப் சூ, செவன்ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ ஆகிய இயர்போன்கள் ஏறத்தாழ 20 டாலர் விலையிலேயே, பல மடங்கு விலையுள்ளவற்றோடு ஒப்பிடத்தக்க சமநிலையான ஒலியைத் தந்தன. அறிவு பரவலானதும் விலை இறங்கியது என்பதே இதற்குச் சரியான விளக்கம்.

விலை ஒலியைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. ஆய்வாளர் ஜெரோன் ப்ரீபார்ட் 2017இல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். காதுக்குள் செருகுபவை, தலையில் மாட்டுபவை என 283 கருவிகளின் அதிர்வெண் அளவீடுகளை விலையோடு ஒப்பிட்டபோது இரண்டுக்கும் தொடர்பு தென்படவில்லை. அதே ஆண்டில் ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஆலிவும் குழுவினரும் 30 வகை இயர்போன்களை 71 பேரிடம் மதிப்பிடச் சொன்ன ஆய்வை வெளியிட்டனர். பெயரும் விலையும் வடிவமும் கேட்பவரைப் பாதிக்காதபடி, ஒரே கருவியில் அந்த 30 இயர்போன்களின் ஒலி வடிவங்களையும் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டார்கள். பெட்டியைப் பார்க்காத காதுதான் நேர்மையான சாட்சி என்பதால் இந்த முறையை நான் மிகவும் மதிக்கிறேன். ஹார்மனே இயர்போன் விற்கும் நிறுவனமாயிற்றே என்று கேட்கலாம். ஆனால் விலையுயர்ந்த பொருளையும் விற்கும் ஒரு நிறுவனம், தன் விலைப்பட்டியலுக்குச் சாதகமில்லாத ஒரு முறையை வெளியிட்டிருப்பது சந்தேகத்தைக் குறைக்கவே செய்கிறது.

ரசனை ஆளுக்கு ஆள் மாறும், பிறகு எது நல்ல ஒலி என்று யார் சொல்வது என்பது வலுவான ஆட்சேபம். தலையில் மாட்டும் ஹெட்போன்களை வைத்து அதே ஹார்மன் குழு நடத்திய மற்றோர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. கேட்டவர்களில் ஏறத்தாழ 64 சதவீதத்தினர் ஒரே சமநிலையை விரும்பினர். 15 சதவீதத்தினர் அதைவிடக் கூடுதல் பாஸையும் 21 சதவீதத்தினர் குறைவான பாஸையும் நாடினர். ரசனை வேறுபடுவது உண்மைதான், ஆனால் எல்லையில்லாமல் அல்ல. வேறுபாடும் பெரும்பாலும் பாஸின் அளவில்தான். அதைச் செல்பேசியின் ஈக்வலைஸரிலேயே திருத்திக்கொள்ளலாம். அதிர்வெண் மட்டுமா ஒலி, நுணுக்கமும் விரிவும் இல்லையா என்றும் கேட்பார்கள். நுணுக்கம் என்று நாம் உணர்வதில் பெரும்பங்கு, எந்தப் பகுதி எந்த அளவில் ஒலிக்கிறது என்பதிலிருந்தே வருகிறது. பாஸ் மூடிய இடத்தில் மிருதங்கத்தின் வலந்தலைச் சொல் மங்கிப்போவதைக் கேட்டாலே இது விளங்கும். அதே சமயம், அதிக விலை வெறும் ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. அறுந்தால் மாற்றக்கூடிய வயர், இரண்டு காதிலும் ஒரே அளவு ஒலி, இரைச்சல் நீக்கம், பழுதானால் கேட்க ஒரு சேவை மையம் ஆகியவற்றுக்குக் காசு செலவாகத்தான் செய்யும். மலிவு மாடல்களில் ஒன்று போல் மற்றொன்று இராத குறையும் உண்டு. இந்த வசதிகளுக்காகப் பணம் கொடுப்பது நியாயம். அவற்றை ஒலியின் தரம் என்று நினைத்துக் கொடுப்பதுதான் நியாயமில்லை.

பெட்டிமேல் அச்சிட்டிருக்கும் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்ற எண்ணால் வாங்குபவருக்கு எந்தப் பயனும் இல்லை. அந்த எல்லைக்குள் எது ஏறியிருக்கிறது, எது இறங்கியிருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் மூன்று அளவு ரப்பர் முனைகள் மிகவும் முக்கியம். பொருந்தாத முனையின் ஓரமாகக் காற்று கசிந்தால் பாஸ்தான் முதலில் போகும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியும் தகர ஒலி எழுப்பும். இரண்டு காதுக்கும் வெவ்வேறு அளவு தேவைப்படுவதும் இயல்பே. நன்றாக அடைத்த முனை பேருந்து இரைச்சலையும் தடுக்கிறது. அப்போது ஒலியளவைக் கூட்ட வேண்டிய அவசியமே எழாது. 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார அமைப்பு. 90 டெசிபலுக்குப் போனால் அந்த அளவு வாரத்துக்கு 4 மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது.