கொழுக்கட்டைப் புல்லும் சவாரோ கள்ளியும்

ஜூன் மாதக் கடைசியில் அரிசோனாவின் டூசான் நகரத்திலிருந்து மலைப்பக்கம் பார்த்தால், சில நாட்களில் மேகத்தின் அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் மழைத்தாரைகள் தொங்குவது தெரியும். தரையில் ஒரு பொட்டுகூட விழாது. கீழே உள்ள காற்று அவ்வளவு காய்ந்து கிடப்பதால் துளிகள் பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். மழை தரைக்கு வராவிட்டாலும் மின்னல் வந்துவிடும். 2020 ஜூன் 5 அன்று அந்த ஊரை ஒட்டிய சாந்தா காட்டலினா மலையில் ஒரு மின்னல் விழுந்தது. அதில் பிடித்த தீ ஜூலை வரை எரிந்து, ஏறக்குறைய 1,20,000 ஏக்கரைக் கருக்கியது. ‘பிக்ஹார்ன் தீ’ என்று அதற்குப் பெயர்.

மலை உச்சியின் பைன் காடு எரிந்ததை விளங்கிக்கொள்ள முடிகிறது. அடிவாரச் சரிவுகளில், கள்ளியும் கல்லுமாகக் கிடக்கும் சொனோரா பாலைவனத்திலும் தீ பரவியதே, அதுதான் யோசிக்க வைக்கிறது. பாலைவனத்தில் எரிவதற்கு என்ன இருக்கிறது?

முதலில் காற்றைப் பார்ப்போம். வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால், காற்று தாங்கக்கூடிய நீராவியின் அளவு ஏறக்குறைய 7 சதவீதம் கூடுகிறது. சூடான காற்றுக்குத் தாகம் அதிகம். இலை, சருகு, மண் என எதைத் தொட்டாலும் ஈரத்தை உறிஞ்சும். பருவமழைக்கு முந்தைய மே, ஜூன் மாதங்களில் அங்கே வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். பிற்பகல் ஈரப்பதம் 10 சதவீதத்துக்கும் கீழே போகும். பக்கத்து ஃபீனிக்ஸ் நகரத்தில் 2023இல் தொடர்ந்து 31 நாட்கள் பகலின் உச்ச வெப்பம் 43 டிகிரிக்குக் குறையவில்லை.

காட்டுத்தீயோடு பழகியவர்கள் சருகையும் சுள்ளியையும் மணிக்கணக்கில் தரம் பிரிக்கிறார்கள். கால் அங்குலத்துக்கும் மெல்லிய புல்லும் குச்சியும் ‘ஒரு மணி நேர எரிபொருள்’. காற்றின் ஈரம் மாறினால் அந்த மாற்றம் ஒரு மணி நேரத்துக்குள் அதற்குள்ளும் இறங்கிவிடும் என்று பொருள். பருத்த அடிமரம் ‘ஆயிரம் மணி நேர எரிபொருள்’. அது காய வாரக்கணக்காகும். விடியற்காலையில் கொஞ்சம் நமுத்திருந்த புல் முற்பகலுக்குள் மொறமொறவென்று ஆகிவிடுவது இதனால்தான். அந்த நேரத்தில் காற்றும் கிளம்பிவிட்டால் சங்கடம். காற்று ஊதுகுழலைப் போலத் தீக்கு மூச்சுக் கொடுப்பதோடு நிற்பதில்லை. சுடரைச் சாய்த்து, இன்னும் பற்றாத புல்லின் மேல் அதன் சூட்டைப் படரவிடுகிறது. தீ வந்து சேரும் முன்பே அந்தப் புல் பற்றத் தயாராகிவிடுகிறது. மிகக் குறைந்த ஈரப்பதமும் பலத்த காற்றும் சேர்ந்து வரும் என்று தெரிந்தால் அமெரிக்க தேசிய வானிலைச் சேவை ‘சிவப்புக் கொடி எச்சரிக்கை’ விடுகிறது. அன்றைக்கு லாரியின் பின்னால் சங்கிலி சாலையில் இழுபட்டுப் பறக்கும் பொறி ஒன்றே போதும்.

ஆனால் இந்த வெயிலும் காற்றும் மின்னலும் அங்கே பல்லாயிரம் ஆண்டுகளாக இருப்பவைதான். அப்படியிருந்தும் சொனோரா பாலைவனத்தில் பெருந்தீ அரிதாகவே இருந்தது. அதைக் காத்தது வெற்றுத் தரை. அங்கே ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் நடுவே பல அடி இடைவெளி உண்டு. கிடைக்கும் கொஞ்சம் நீருக்காக வேர்கள் மண்ணுக்கடியில் போட்டியிடுவதால் நெருங்கி நிற்க முடியாது. மின்னல் ஒரு மரத்தைப் பற்றவைத்தால் அந்த மரம் எரிந்து தணியும். சுற்றிலும் கிடக்கும் மண்ணும் சரளையும் தீயை அங்கேயே நிறுத்திவிடும். வறுமை போலத் தெரியும் அந்த இடைவெளிதான் அந்த நிலத்தின் அரண்.

அந்த அரணுக்குள் வளர்ந்தது சவாரோ கள்ளி. ஆளுயரத்தைப் போல ஏழெட்டு மடங்கு ஓங்கி, கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அதன் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. முளைத்து எட்டு ஆண்டான சவாரோ இரண்டு அங்குலம்கூட இருக்காது. முதல் கை முளைக்கவே 50 முதல் 75 ஆண்டுகள் ஆகும். ஆயுள் 150 ஆண்டுகளுக்கும் மேல். மரங்கொத்தி குடையும் பொந்தில் பின்னால் ஆந்தை குடியேறும். தொஹோனோ ஓதாம் பழங்குடி மக்கள் கோடையின் உச்சத்தில் அதன் பழத்தைப் பறிக்கிறார்கள். உயரத்தில் இருக்கும் பழத்தை எட்டும் துறட்டியும் செத்துக் காய்ந்த சவாரோவின் விலாக்கழியில் செய்ததே. அந்தப் பழப்பருவத்தோடு அவர்களுடைய புத்தாண்டு பிறக்கிறது. தீப்பருவமும் அதே நாட்களில்தான்.

தீயை அறியாமல் வளர்ந்த இனம் அது. அதற்குக் கனமான மரப்பட்டை கிடையாது. எரிந்தபின் அடியிலிருந்து தழைக்கவும் தெரியாது. தோல் வெந்த சவாரோ உடனே விழுந்துவிடுவதில்லை. பச்சையாகவே நின்று, சில ஆண்டுகள் கழித்துச் சாகிறது. தீ அணைந்த மறுநாள் சேதத்தைக் கணக்கெடுத்தால் கணக்கு தப்பும்.

அந்த இடைவெளியை நிரப்பியது ஒரு புல். 1930களில் அமெரிக்கா புழுதிப்புயலாலும் வறட்சியாலும் தவித்தது. மண் அரிப்பைத் தடுக்கவும் மாடுகளுக்குத் தீவனமாகவும் வறட்சி தாங்கும் புல்லைத் தேடினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு புல் எல்லாவற்றுக்கும் பொருந்தியது. அமெரிக்காவில் அதன் பெயர் பஃபல் புல். தாவரவியலில் சென்க்ரஸ் சிலியாரிஸ். நமக்கு அது அந்நியமே இல்லை. நம் கொழுக்கட்டைப் புல்தான் அது.

காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் கிளுவை வேலிக்குள், வெள்வேல மரங்களுக்கு அடியில் இந்த இனப் புல்தான் மாட்டையும் ஆட்டையும் தாங்குகிறது. ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும் அதன் குணம் அங்கே வரம். மேயும் வாய்கள் அதை ஓங்கிக் காய விடுவதில்லை. அரிசோனாவின் பாறைச் சரிவில் அதை மேய மாடு இல்லை. அங்கே அது இடுப்பளவு வளர்ந்து, காய்ந்தபின்னும் மடியாமல் வைக்கோலாக நின்று, கள்ளிக்கும் கள்ளிக்கும் நடுவே திரி போட்டுவிடுகிறது. அது எரிந்தால் சூடு 700 டிகிரியைத் தாண்டும். எரிந்து முடிந்ததும் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். சவாரோ நின்ற இடத்தையும் பிடித்துக்கொள்ளும். அடுத்த தீக்கு அங்கே இன்னும் அதிக விறகு இருக்கும்.

இந்தப் புல் மட்டும் குற்றவாளி அல்ல. மத்தியதரைக்கடல் பகுதியிலிருந்து வந்த சிவப்புப் புரோம் என்னும் ஓராண்டுப் புல் குளிர்கால மழையில் முளைத்து, கோடைக்குள் சருகாகிறது. அதனால் அங்கே நல்ல மழை பெய்த ஆண்டை அடுத்து வரும் கோடையைக் கண்டுதான் அஞ்ச வேண்டியிருக்கிறது. 2004-05 குளிர்காலம் ஈரமாக இருந்தது. அந்த ஜூனில் ஃபீனிக்ஸுக்கு வடக்கே கேவ் க்ரீக் தீ 2,40,000 ஏக்கருக்கும் மேல் எரித்தது. 2020 ஆகஸ்டில் மோஹாவி பாலைவனத்தின் சிமா மேட்டில் மின்னலால் எழுந்த தீ ஏறக்குறைய 13 லட்சம் ஜோஷுவா மரங்களைக் கொன்றது என்பது தேசியப் பூங்காத் துறையின் மதிப்பீடு. அந்தக் காட்டின் படங்களை என்னால் நெடுநேரம் பார்க்க முடியவில்லை.

அரிசோனா 2005இல் பஃபல் புல்லைக் கேடான களை என்று அறிவித்தது. டூசானில் தன்னார்வலர்கள் கடப்பாரையோடு மலைச்சரிவில் ஏறி, ஒவ்வொரு தூராக நெம்பி எடுக்கிறார்கள். களைக்கொல்லி பச்சை இலையில்தான் வேலை செய்யும்; ஆகவே பருவமழைக்குப் பிறகு, புல் துளிர்த்திருக்கும் சில வாரங்களே அதைத் தெளிக்க ஏற்ற காலம். பிடுங்கிய இடத்திலும் விதைகள் மண்ணுக்குள் சில ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். எனவே அடுத்த மழை முடிந்ததும் அதே சரிவில் மறுபடியும் ஏறுகிறார்கள். காலடி பார்த்துத்தான் வைக்க வேண்டும். பாலோ வெர்டே மரத்தின் நிழலில், கட்டைவிரல் உயரத்தில், எட்டு வயதுச் சவாரோ ஒன்று நின்றுகொண்டிருக்கலாம்.