சிறு கருவியும் பெருங்கருவியும்

பழனி மலைத்தொடரின் மேல், முகில் தவழும் சோலைகள் சூழ்ந்த கொடைக்கானலில் கதிரவனை ஆராயும் வானாய்வுக்கூடம் ஒன்று உள்ளது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில் அமைந்த அக்கூடத்தில் 1901-ஆம் ஆண்டில் ஆராய்ச்சிப் பணி தொடங்கியது. இன்று அதனை நடத்தி வருவது இந்திய வானியற்பியல் நிறுவனம் ஆகும்.

அங்குள்ள தொலைநோக்கிகளுள் இரண்டு ஒப்பிட்டு அறியத்தக்கவை. ஒன்று, 15 சென்டிமீட்டர் வில்லையை உடையது. 1918-ஆம் ஆண்டு முதல் வானம் தெளிந்த நாள்தோறும் கதிரவனைப் படம் பிடிக்கும் பணி அதற்குரியது. மற்றொன்று, 1960-ஆம் ஆண்டளவில் நிறுவப்பெற்ற சுரங்கத் தொலைநோக்கி. பதினொரு மீட்டர் உயரக் கோபுரத்தின் மேலுள்ள ஆடிகள் கதிரொளியை வாங்கி, நிலத்தடியில் 60 மீட்டர் நீளமுள்ள சுரங்கத்தினுள் செலுத்துகின்றன. அங்கே 38 சென்டிமீட்டர் வில்லை ஒன்று 34 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கதிரவன் உருவத்தை விழச் செய்கின்றது.

பெரிய வில்லை நுண்ணிய பகுதிகளைப் பிரித்துக் காட்ட வல்லது. சிறிய வில்லை ஏறத்தாழ 0.8 வில்விகலை அளவையும், பெரிய வில்லை 0.3 வில்விகலை அளவையும் பிரித்துணர்த்தும். ஆயின், இவ்வாற்றல் எந்நேரமும் வெளிப்படுவதில்லை. வெயில் ஏற ஏறக் காற்று கலங்குகின்றது, உருவமும் நடுங்குகின்றது. அந்நடுக்கம் இரண்டு வில்விகலை அளவு இருக்குமாயின், பெருங்கருவி காட்டும் நுட்பமும் சிறு கருவி காட்டும் நுட்பமும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே, ஒரு கருவியின் திறன் அக்கருவியை மட்டும் பொறுத்ததன்று. அது பணிபுரியும் சூழலையும் பொறுத்தது.

இவ்வுண்மை கணிப்பொறிக்கும் பொருந்தும். கொடைக்கானலில் பல்லாண்டுகளாகச் சேர்ந்த கண்ணாடித் தகட்டுப் படங்கள் இக்காலத்தில் எண்வடிவமாக மாற்றப்பெற்றுள்ளன. ஒரு படத்தில் பக்கத்திற்கு 4,096 புள்ளிகளாக, மொத்தம் 1,67,77,216 புள்ளிகள் உள்ளன. புள்ளி ஒன்றிற்கு இரண்டு பைட் வீதம் ஒரு படம் 32 மெகாபைட் இடத்தைக் கொள்ளும். இத்தகைய படங்களை விரைந்து கணிக்க உதவுவது, கடைகளில் ‘கிராபிக்ஸ் கார்டு’ என வழங்கும் வரைகலை அட்டை.

இவ்வட்டை பணிபுரியும் முறையைப் பூம்பாறையின் படிக்கட்டு வயல்களைக் கொண்டு விளக்கலாம். அங்கே மலைப்பூண்டு அறுவடை நடைபெறுகின்றது எனக் கொள்வோம். மிக வல்ல ஒருவர் தனியே நின்று பறிப்பினும் வேலை முடியப் பல நாள் ஆகும். நூறு பேர் ஆளுக்கொரு வரிசையாகப் பறிப்பின் அன்றே முடிந்துவிடும். கணிப்பொறியின் நடுவண் செயலகத்தில் வல்ல உறுப்புகள் சிலவே உள்ளன. வரைகலை அட்டையிலோ எளிய கணிப்புறுப்புகள் பல்லாயிரம் உள்ளன. படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே கணிக்கலாம் ஆதலின், அவையாவும் ஒருங்கே உழைக்கின்றன.

ஆள் மிகுந்தால் மட்டும் போதுமா? பறித்த பூண்டைக் கிடங்கிற்குக் கொண்டு செல்லும் பாதை குறுகியதாயின், சுமையோடு பலர் காத்து நிற்பர். கிடங்கு சிறிதாயின், பூண்டு வெளியே கிடக்கும். அட்டையின் நினைவகமே கிடங்கு. நினைவகத்திற்கும் கணிப்புறுப்புகளுக்கும் இடையே செய்தி செல்லும் வேகமே பாதையின் அகலம். இம்மூன்றையும் சேர்த்து நோக்கியே அட்டைகளை ஒப்பிடுதல் வேண்டும்.

என்விடியா நிறுவனம் ஒரே தலைமுறையில் வெளியிட்ட இரண்டு அட்டைகளை எடுத்துக் கொள்ளலாம். 2023-ஆம் ஆண்டில் வந்த ஆர்.டி.எக்ஸ். 4060 என்பது விலை குறைந்தது. 3,072 கணிப்புறுப்புகளும் 8 கிகாபைட் நினைவகமும் உடையது. 2022-ஆம் ஆண்டில் வந்த ஆர்.டி.எக்ஸ். 4090 என்பது உயர்ந்த விலையுடையது. 16,384 கணிப்புறுப்புகளும் 24 கிகாபைட் நினைவகமும் உடையது. அமெரிக்காவில் அவற்றிற்கு அறிவிக்கப்பெற்ற தொடக்க விலை முறையே 299 டாலரும் 1,599 டாலரும் ஆகும்.

விலையும் கணிப்புறுப்புகளும் ஐந்து மடங்கிற்குச் சற்று மேல். நினைவகமோ மூன்று மடங்கே. செய்தி செல்லும் வேகம் நொடிக்கு 272 கிகாபைட்டிலிருந்து 1,008 கிகாபைட்டாக, அஃதாவது நான்கு மடங்கிற்கும் குறைவாகவே உயர்கின்றது. மின்செலவு 115 வாட்டிலிருந்து 450 வாட்டை எட்டுகின்றது. எனவே, ஐந்து மடங்கு பொருள் கொடுப்பவர் எல்லாப் பணியிலும் ஐந்து மடங்கு பயன் பெறுவார் என்பதற்கில்லை.

கலங்கிய காற்று பெரிய வில்லையைத் தடுப்பது போல, பெரிய அட்டையைத் தடுப்பனவும் உண்டு. நொடிக்கு 60 முறை மட்டுமே படம் மாற்றும் திரைக்கு, நொடிக்கு 200 படம் வரையும் அட்டையைப் பூட்டினாலும் கண்ணுக்குப் புலனாவது 60 படங்களே. திரையில் 1,920-க்கு 1,080 என்ற அளவில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. இவ்வளவிற்குச் சிறிய அட்டையே பெரும்பாலும் போதும். 3,840-க்கு 2,160 எனின், புள்ளிகள் நான்கு மடங்காகி 82,94,400 ஆகின்றன. பெரிய அட்டையின் ஆற்றல் அங்கேதான் விளங்கும்.

இங்கே ஒரு வேறுபாட்டை மாணவர் கருத்திற் கொள்ளல் வேண்டும். தாமதம் வேறு, இயலாமை வேறு. முற்கூறிய கதிரவன் படங்களை ஏட்டுக் கணக்கின்படி 8 கிகாபைட் நினைவகத்தில் 256-உம், 24 கிகாபைட் நினைவகத்தில் 768-உம் வைக்கலாம். ஒவ்வொரு படமாகக் கணிக்கும் பணியாயின், சிறிய அட்டையும் அதனை முடித்துவிடும். காலம் சற்று மிகும், அவ்வளவே. ஐந்நூறு படங்களை ஒருங்கே நினைவகத்தில் வைத்துத்தான் கணித்தல் வேண்டுமெனின், எவ்வளவு காத்திருந்தாலும் சிறிய அட்டையின் நினைவகம் அவற்றைக் கொள்ளாது. பணியைப் பகுத்துச் செய்யும் வழி காணவேண்டும். இன்றேல் பெரிய அட்டையையே நாடவேண்டும். சில நிமிடக் காத்திருப்பை மட்டும் தவிர்க்கப் பெரும்பொருள் செலவிடல் வீண். இயலாத பணியை இயலச் செய்வதற்குச் செலவிடல் தகும். குறைந்த பொருளைக் கொண்டு கணிப்பொறி வாங்கும் பள்ளிகளுக்கு இப்பாகுபாடு பெரிதும் உதவும்.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பர். சுரங்கத் தொலைநோக்கி தோன்றுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே, 1909-ஆம் ஆண்டில், ஜான் எவர்ஷெட் என்னும் அறிஞர் கொடைக்கானலில் கதிரவனின் கரும்புள்ளிகளை ஆராய்ந்தார். நிறமாலைக் கோடுகளின் மிகச் சிறிய விலகலிலிருந்து, கரும்புள்ளியின் ஓரப்பகுதியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். அந்நிகழ்ச்சி அவர் பெயராலேயே ‘எவர்ஷெட் விளைவு’ என வழங்குகின்றது.

அங்குள்ள சிறிய தொலைநோக்கியின் சிறப்பும் அத்தகையதே. ஒரே வகைப் படத்தை ஆண்டுதோறும் விடாது எடுத்து வந்தமையால், கதிரவனின் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒரு முறை பெருகிக் குறையும் சுழற்சிகள் பலவற்றை அது பதிந்து வைத்துள்ளது. இன்று எத்துணைப் பெரிய தொலைநோக்கியை நிறுவினாலும், கடந்துபோன அந்நாட்களின் கதிரவனை அதனால் படம் பிடிக்க இயலாது.